தெற்கே போனால் ஏறும்

கத்தூன் மதகில் எலாடியோ வாட்லி ஏற்றிவிட்ட கப்பல்களை எல்லாம் ஒரே நாளில் கடலில் விட்டால், மீன்கள் கரையேறி வாடகைக்கு வீடு தேட வேண்டியிருக்கும். இது அவரே போட்ட கணக்கு. கொலோன் நகரத்தில் இதை மறுத்துப் பேசியவர்கள் யாரும் இல்லை. மறுத்தால் இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்வார் என்ற பயம்தான்.

அவர் கப்பல் கால்வாயில் கழுதை ஓட்டி. கழுதை என்றால் நாலு கால் கழுதை இல்லை. கப்பல் மதகுத் தொட்டிக்குள் நுழையும்போது சுவரில் உரசிக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் இரும்புக் கயிறு போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டு கூடவே ஊர்ந்து வருமே, அந்தச் சின்ன ரெயில் எஞ்சின்கள். கால்வாய்க்காரர்கள் அவற்றைக் கழுதை என்றுதான் சொல்வார்கள். எலாடியோ ஓய்வு பெற்ற அன்று அவருடைய கழுதை அழுததாம். அது எண்ணெய்க் கசிவு என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு மனசே கிடையாது.

கால்வாயில் கிழக்கு மேற்கு என்ற பேச்சே இல்லை. அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போனால் தெற்கே போகிறது. அங்கிருந்து இங்கே வந்தால் வடக்கே வருகிறது. அவ்வளவுதான். கத்தூன் அட்லாண்டிக் பக்கத்து மதகு. தெற்கே போகிற கப்பல் வந்து தொட்டியில் நின்றதும் கதவு மூடும், தண்ணீர் ஏறும், கப்பலும் கூடவே ஏறும். இப்படிப் படிப்படியாக ஏறி மேலே ஏரிக்குப் போய்விடும். வாழ்நாள் முழுக்க இதைப் பார்த்துப் பார்த்து எலாடியோவின் எலும்பில் ஊறிப்போய்விட்டது: தெற்கே என்றால் ஏற்றம். சாப்பாட்டு மேசையில் யாராவது உப்புக் கிண்ணத்தைத் தெற்குப் பக்கம் நகர்த்தினால்கூட அவருடைய தாடை லேசாக மேலே போகும்.

இந்த மனிதர்தான் போன வருஷம் ஒரு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

மகள் தாலிஸ் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. மருமகன் அப்டியேலுக்கு ஒரு தானியக் கப்பலில் சமையல்காரர் வேலை கிடைத்திருந்தது. நல்ல வேலை. ஆனால் அப்டியேல் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். அவனுடைய அம்மா கிரெசென்சியா, லாஸ் தாப்லாஸ் பக்கத்தில் மாடும் பாலாடையுமாக இருக்கிற மனுஷி, கடலைக் கண்டாலே சிலுவை போட்டுக்கொள்கிறவள், வழியனுப்ப வந்து மூக்கைச் சிந்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“பொறக்கப் போற புள்ளை மூஞ்சியைப் பாக்காம எப்படி மாமா போறது?” என்றான் அப்டியேல்.

எலாடியோ நெஞ்சில் அடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரையிலிருந்து விழுந்தன.

“உலகத்துல எந்தக் கப்பல்டா இந்த வழியா வராம இருக்கு? நீ எங்க சுத்தினாலும் எங்க மதகுக்குத்தான் வந்து நிக்கணும். வா, வந்து நில்லு. உன் புள்ளையை உனக்குக் கையெட்டுற தூரத்துல காட்டறேன். இல்லேன்னா நான் கழுதை ஓட்டினதே பொய்!”

தெருவே கேட்டது. அப்டியேல் கப்பலேறினான்.

அதன் பிறகு அந்தக் கப்பல் கால்வாய்ப் பக்கமே வரவில்லை. கோதுமையை ஏற்றிக்கொண்டு ஹாலந்துக்குப் போயிற்று. சோயாவை ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போயிற்று. முளையில் கட்டின ஆடு மாதிரி அட்லாண்டிக்கையே சுற்றிச் சுற்றி மேய்ந்தது. குழந்தை பிறந்தாள், லினெத் என்று பெயர் வைத்தார்கள், கவிழ்ந்தாள், உட்கார்ந்தாள், கீழே இரண்டு பல்லும் முளைத்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்த கையோடு கிரெசென்சியா போன் போடுவாள்.

“என்ன சம்பந்தி, கை இன்னும் எட்டலையா?”

எலாடியோ அந்த நேரம் பார்த்துக் குளிக்கப் போய்விடுவார். அந்த வருஷம் அவரைப் போலச் சுத்தமான மனிதர் கொலோனிலேயே இல்லை.

அப்டியேல் குழந்தையைப் போனில் பார்க்காமல் இல்லை. ஆனால் நடுக்கடலில் படம் அங்கங்கே உறைந்து நின்றுவிடும். ஒரு நாள் பாதி மூக்கு வரும், ஒரு நாள் ஒரு காது வரும். “என் பொண்ணை நான் தவணை முறையிலதான் பாத்திருக்கேன்” என்று அவன் சொன்னபோது தாலிஸ் சிரித்தாள். போனை வைத்துவிட்டுப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். எலாடியோ அதைக் கேட்டுக்கொண்டே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்; அன்றைக்கு அவர் எந்தக் கணக்கும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு வழியாகச் செய்தி வந்தது. ‘எவெலினா’ சோளம் ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் போகிறது. கால்வாய் வழியாக. அதற்கப்புறம் வருஷக் கடைசி வரைக்கும் அந்தப் பக்கத்துக் கடல்தான். இதை விட்டால் குழந்தை நடக்க ஆரம்பித்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல். கத்தூனை அது விடிவதற்கு முன்னாலேயே கடந்துவிடும். அந்நேரம் மதகுக்கு யாரையும் விடமாட்டார்கள். அப்டியேலும் மாலுமிகளுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருப்பான். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமானால் மிராஃப்ளோரெஸுக்குத்தான் போயாக வேண்டும். அது பசிபிக் பக்கத்து மதகு. பெரிய பார்வை மாடமெல்லாம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, சுற்றுலாக்காரர்களுக்கு ஐஸ்கிரீம் விற்கிற இடம். எலாடியோ கொள்கை காரணமாக அங்கே கால் வைத்ததில்லை. ஒரே ஒரு தடவை இரு பக்கத்துத் தொழிலாளர்களுக்கும் டொமினோ போட்டி நடந்தபோது போயிருக்கிறார். அப்போதும் கட்டைகளைத்தான் பார்த்தார், மதகைப் பார்க்கவில்லை. தோற்றும் போனார்.

கிரெசென்சியா முதல் நாளே பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டாள். கையில் ஒரு முழுப் பாலாடைக் கட்டி, வாயில் ஒரு வருஷத்துக் குத்தல். மறுநாள் எல்லாரும் எலாடியோவின் பழைய பிக்கப்பில் ஏறினார்கள். தாலிஸ் மஞ்சள் சட்டை போட்ட லினெத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கிரெசென்சியாவின் மடியில் பச்சைத் துவரையும் தேங்காய்ப் பாலும் போட்டு வடித்த சோற்றுப் பானை. வண்டி கிளம்பினதும் அவள் கேட்டாள்:

“சம்பந்தி, ஜப்பான் மேற்கே இருக்குன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே?”

“ஆமா.”

“எம்மவன் தெற்கே போறான்னு நீங்க சொல்றீங்க.”

“ஆமா.”

“இப்ப சூரியன் நேரா மூஞ்சில அடிக்குது. நாம கிழக்கால போய்க்கிட்டு இருக்கோம்.”

“சம்பந்தியம்மா, இங்க மேற்கே போகணும்னா முதல்ல கிழக்கே போகணும். அதுக்குப் பேரு தெற்கு.”

“எங்க ஊர்ல மாடுகூட இப்படிக் குழம்பாது” என்றாள் கிரெசென்சியா.

எலாடியோ அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மதகில் எல்லாம் எப்படி நடக்கும் என்று கதை சொல்வதில் மும்முரமாக இருந்தார். “முதல்ல கொடிக்கம்பம் மட்டும்தான் தெரியும். ஐயோ ஆளைக் காணோமேன்னு அழக் கூடாது. பொறுமையா இருக்கணும். தண்ணி ஏற ஏறக் கப்பல் மெதுவா எழும்பும், அடுப்புமேல வெச்ச ரொட்டி மாவு மாதிரி. முதல்ல புகைக்கூண்டு, அப்புறம் சன்னல், அப்புறம் கைப்பிடிக் கம்பி, அப்புறம் உம் புருஷன் தலை. நம்ம பக்கத்துத் தொட்டியிலதான் வருவான். குழந்தையை நீட்டினா வாங்கிக்கலாம்.”

“நீட்டவெல்லாம் வேண்டாம்ப்பா” என்றாள் தாலிஸ்.

பார்வை மாடத்தின் மேல் தட்டில் கூட்டம் இருந்தாலும் கைப்பிடி ஓரமாக நல்ல இடம் கிடைத்தது. கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் முழங்கையை ஊன்றிக்கொண்டு தன் வீட்டுப் பால்கனி மாதிரி நின்றுகொண்டிருந்தான். நிக்கானோர். மிராஃப்ளோரெஸில் கழுதை ஓட்டி ஓய்வு பெற்றவன். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தினமும் இங்கே வந்து, மற்றவர்கள் கழுதை ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போகிறவன். டொமினோவில் எலாடியோவைத் தோற்கடித்ததும் இவன்தான்.

“அடடே, கத்தூன்காரரு! வழி தவறி வந்துட்டீங்களாண்ணே?”

“மருமகன் கப்பல் வருது. இந்தப் பக்கத் தொட்டியில. நீ கொஞ்சம் தள்ளி நில்லு.”

“எந்தப் பக்கத் தொட்டின்னு அம்பு இல்ல சொல்லணும்” என்று நிக்கானோர் கழுத்திலிருந்த தொலைநோக்கியைக் கொடுத்தான்.

மதகில் இரண்டு தொட்டி வரிசைகள் அக்கம்பக்கமாக உண்டு. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரின் நுனியில் ஒரு பெரிய அம்புக்குறி. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத் தொட்டிக்குத்தான் கப்பல் போக வேண்டும். கப்பல்களின் தலையெழுத்தே அந்த அம்புதான்.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் வலது பக்கத்து ஏரியிலிருந்து தெற்கே போகும் கப்பல்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தது ஒரு கன்டெய்னர் கப்பல். கப்பலா அது! சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று பெட்டி மேல் பெட்டியாக அடுக்கி, ஒரு முழு ஊரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது போல் இருந்தது. உச்சிப் பெட்டியில் நின்று கையை நீட்டினால் மேகத்தைப் பிழியலாம். அம்பு இந்தப் பக்கம் சாய்ந்தது. கப்பல் நேராக மாடத்துக்கு முன்னாலிருந்த தொட்டிக்குள் நுழைந்து, கழுதைகள் மணி அடித்துக்கொண்டு இழுத்துப் பிடிக்க, வந்து நின்றது. நின்றதும் மாடத்தில் இருட்டிவிட்டது. எதிர்க்கரை போயிற்று. மலை போயிற்று. பாதி வானமும் போயிற்று. சிவப்புப் பெட்டி மட்டும்தான் மிச்சம்.

“இது யாரு வண்டி?” என்றாள் கிரெசென்சியா.

“இது போயிடும். நம்மது பின்னால வருது” என்றார் எலாடியோ. கன்டெய்னர் கப்பலின் வால் பக்கம் கொஞ்சம் இடைவெளி தெரிந்தது. அதன் வழியாகத் தொலைநோக்கியில் பார்த்தார். பச்சை வயிறும் வெள்ளை வீடுமாக ‘எவெலினா’ வந்துகொண்டிருந்தது. எலாடியோ அம்பைப் பார்த்தார்.

அம்பு அசைந்தது. மெதுவாக, வேண்டுமென்றே செய்வது போல, அந்தப் பக்கம் சாய்ந்தது.

“போர்த்தோபெலோ கருப்புக் கிறிஸ்துவே!” என்றார் எலாடியோ.

‘எவெலினா’ தூரத்துத் தொட்டிக்குள் போயிற்று. போய், கன்டெய்னர் மலைக்குப் பின்னால் மறைந்தே போயிற்று. தாலிஸின் போன் அடித்தது. அவள் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“தாலிஸ்! வந்துட்டேன். இடது பக்கக் கம்பி ஓரமா நிக்கிறேன். நீங்க எங்க?”

“இங்கதான் இருக்கோம். நீ எங்க?”

“எனக்கு ஒரு நீலப் பெட்டிதான் தெரியுது.”

“எங்களுக்குச் சிவப்பு.”

“மவனே” என்று கிரெசென்சியா போனைப் பிடுங்கினாள், “சாப்டியா?”

“அம்மா, நான்தாம்மா சமையல்காரன். கேப்டன் கொஞ்ச நேரம்தான் விட்டிருக்காரு. மாமா இருக்காரா? மாமா, இப்ப என்ன செய்யறது?”

எல்லாரும் எலாடியோவைப் பார்த்தார்கள். லினெத்கூடப் பார்த்தாள், அவள் அவருடைய மீசையைத்தான் பார்த்தாள், இருந்தாலும். தெருவே கேட்ட வாக்கு. வருஷம் முழுக்கக் குளித்த குளியல். அவர் எலும்பு அவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னது: தெற்கே போகிற கப்பல். ஏற்றம்.

அவர் மதகுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையைத் தட்டினார்.

“கிளம்புங்க! எடுங்க பானையை! இங்க நின்னு ஒண்ணும் ஆகப்போறதில்ல.”

“எங்கப்பா?”

“கடலோரப் பாலத்துக்கு. மதகைத் தாண்டி அது வழியாத்தான் வெளிய போகும். அங்க போய்க் காட்டுவோம்.”

“பாலத்துமேலேருந்தா? அங்கேருந்து அவனுக்கு என் குழந்தை கடுகு மாதிரி தெரியும்!” தாலிஸின் குரல் உடைந்தது. “இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்ப்பா. கப்பல் ஏதாச்சும் நகரும்.”

“நகரும். எப்படி நகரும்? மேல நகரும்! இப்பவே இந்த உசரம். இன்னும் இது ஏறும். இது ஏறி முடிக்கறதுக்குள்ள நம்ம கப்பல் அந்தப் பக்கம் கிணத்துக்குள்ள கெடக்கிற மாதிரி கெடக்கும். உம் புருஷன் தொப்பிகூடத் தெரியாது. எனக்குத் தெரியாதா?”

“அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டா” என்றான் நிக்கானோர்.

“நீ சொல்லாத! தொட்டியைப் பத்தி எனக்குத் தெரியுமா தெரியாதான்னு ஊரைக் கேளு. இந்தக் கையால எத்தனை கப்பலை ஏத்தியிருக்கேன்! தெற்கே போற கப்பல் ஏறும். அதை எந்த கவர்மெண்டாலும் மாத்த முடியாது.”

ஒலிபெருக்கியில் ஒரு பெண் நிதானமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எலாடியோவின் குரல் அதை அப்படியே விழுங்கிவிட்டது.

அவர் பின்னால், சத்தமே இல்லாமல், ஒரு சிவப்புப் பெட்டி கைப்பிடிக் கம்பிக்குக் கீழே போயிற்று.

“சம்பந்தி” என்றாள் கிரெசென்சியா.

“குத்தல் பேச்செல்லாம் வண்டியில பேசிக்கலாம் சம்பந்தியம்மா, பானையை எடுங்க.”

“இல்ல, சம்பந்தி...”

“இப்ப ஏறும் பாருங்க, உச்சிப் பெட்டி பறவைக் கூட்டத்துல போய் இடிக்கும்!” எலாடியோ இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவருடைய கை மேலே போகப் போக, பின்னால் பெட்டிகள் கீழே போயின. சிவப்பு போயிற்று. அதற்கு மேலிருந்த நீலம் இறங்கிற்று. மாடத்தில் வெளிச்சம் திரும்பி வந்தது. எதிர்க்கரை மலையின் உச்சி தெரிந்தது. சுற்றி நின்ற கூட்டம் முழுக்க இப்போது கப்பலைப் பார்க்கவில்லை, எலாடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர், இந்த மனிதர் கையைத் தூக்கித்தான் கப்பலை இறக்குகிறார் என்று நினைத்துக்கொண்டு படம் எடுத்தார்.

“ஏறும்! இன்னும் ஏறும்! ஏறிக்கிட்டே போகும்!”

“போதும்ண்ணே” என்று நிக்கானோர் அவருடைய இரண்டு தோளையும் பிடித்து, அலமாரியைத் திருப்புவது போல, அப்படியே திருப்பி வைத்தான்.

கன்டெய்னர் கப்பல் முக்கால்வாசி தொட்டிக்குள் அமிழ்ந்துவிட்டிருந்தது. ஊரைப் பெயர்த்து வந்தது இப்போது அடக்கமாகத் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மேலே, இன்னும் தண்ணீர் இறக்காத தூரத்துத் தொட்டியில், நாற்காலி மேல் ஏறி நிற்பது போல உயரமாக, ‘எவெலினா’ நின்றது. பச்சை வயிறு. வெள்ளை வீடு. கைப்பிடிக் கம்பி. கம்பி ஓரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள், கையில் ஒரு பெரிய சட்டி மூடியைத் தூக்கிப் பிடித்து வெயிலில் மின்னவைத்துக்கொண்டிருந்தான்.

தூக்கின இரண்டு கையையும் எலாடியோ மெதுவாகக் கீழே இறக்கினார்.

“முன்வாசல்ல படி ஏறி வீட்டுக்குள்ள வந்தா, கொல்லைப்புறத்துல படி இறங்கித்தானேண்ணே வெளிய போகணும்?” என்றான் நிக்கானோர். “நீங்க முன்வாசல். நாங்க கொல்லைப்புறம். நீங்க ஏத்திவிட்டதை எல்லாம் நாங்கதானே இத்தனை வருஷமா இறக்கிக்கிட்டு இருக்கோம்? இறக்காம மேலயே விட்டிருந்தா ஏரியில கப்பல் நிக்க எடமிருக்குமா?”

“தெரியும்” என்றார் எலாடியோ. “தலைக்குத் தெரியும். எலும்புக்குத்தான் யாரும் சொல்லல.”

தாலிஸ் அதற்குள் குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். மஞ்சள் சட்டை வெயிலில் சுடர்விட்டது. அந்தப் பக்கம் சட்டி மூடி பைத்தியம் பிடித்தது போல ஆடியது. போனில் “பாத்துட்டேன், பாத்துட்டேன், முழுசாப் பாத்துட்டேன்” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கிரெசென்சியா தன் ஊர்ப் புனிதை சாந்தா லிப்ராதாவைக் கூப்பிட்டாள், அழுதாள், மகனுக்குக் கையாட்டினாள், எல்லாம் ஒரே மூச்சில். சோற்றுப் பானை கையில் இருந்ததால் பானையோடு ஆட்டினாள். மூன்று பருக்கை வெள்ளைக்காரரின் ஐஸ்கிரீமில் விழுந்தது. அவர் அதையும் தின்றுவிட்டு நன்றாக இருப்பதாகத் தலையாட்டினார்.

ஆனால் லினெத்? லினெத் தூங்கிவிட்டாள்! ஒரு வருஷமாக இதற்குத்தான் இரண்டு குடும்பம் தவம் கிடந்தது. அவள் அம்மாவின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டே, வாயைத் திறந்து, எச்சில் ஒழுகத் தூங்கினாள்.

“கண்ணு திறக்கலையே” என்றான் அப்டியேல் போனில். “கண்ணு யாரு மாதிரின்னு பாக்கணும்னு இருந்தேன்.”

“எழுப்பு” என்றார் எலாடியோ.

“எழுப்பினா கத்துவாப்பா.”

இதற்குள் கன்டெய்னர் கப்பல் கீழ்த்தொட்டிக்கு நகர்ந்து போய்விட்டது. இடையில் வெறும் தண்ணீரும் நடுச்சுவரும்தான். இப்போது ‘எவெலினா’வின் முறை. தண்ணீர் வடிய ஆரம்பித்தது. உயரத்தில் நின்ற அப்டியேல், யாரோ கயிறு கட்டி இறக்குவது போல, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினான். மாடத்துக்கு மேலே இருந்தவன் மாடத்துக்கு நேரே வந்தான். அவன் கண் இருந்த உயரத்தில் குழந்தையின் கண்.

நிக்கானோர் கைப்பிடியில் சாய்ந்து, விரலை மடக்கி வாயில் வைத்து, ஒரு சீழ்க்கை அடித்தான். அந்தச் சீழ்க்கையில் பசிபிக் பக்கம் அலை ஒரு நிமிஷம் நின்றிருக்கும். நடுச்சுவரில் கழுதை ஓட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். நிக்கானோர் குழந்தையைக் காட்டினான், கப்பலைக் காட்டினான், காதைக் காட்டினான். கழுதை ஓட்டிக்கு வேறென்ன வேண்டும்? மணியை அடித்தான். டங் டங் டங் டங். அடுத்த கழுதையும் அடித்தது. அதற்கடுத்ததும்.

லினெத் கண்ணைத் திறந்தாள். எதிரே தண்ணீர், இரும்பு, கூட்டம், மணி. உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் கத்தினாள் பாருங்கள், தாத்தாவின் தொண்டை அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது என்று எல்லாருக்கும் அப்போதுதான் தெரிந்தது. கால்வாயின் இரண்டு முனையிலும் கேட்டிருக்கும்.

அந்தப் பக்கம் சட்டி மூடி நின்றது. அப்டியேல் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான். பிறகு போனை வாய்க்குக் கொண்டுவந்தான்.

“மாமா! கேக்குது! போன்ல இல்ல மாமா, காத்துல! காத்துல கேக்குது!”

எலாடியோ கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். வெயில் என்றார்.

கப்பல் இறங்கிக்கொண்டே போயிற்று. அப்டியேல் மாடத்துக்குக் கீழே போனான், சுவருக்கு நேரே போனான். கேப்டன் கூப்பிட்டிருக்க வேண்டும். சட்டி மூடியால் ஒரு பெரிய சலாம் வைத்துவிட்டு உள்ளே ஓடினான். முன்கதவு திறந்து, ‘எவெலினா’ கழுதைகளின் மணியோடு தெற்கே போனது. ஜப்பானுக்கு. கிழக்கு வழியாக, மேற்கே.

தாலிஸ் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தடவை பாத்திரம் தேய்க்கிற சிரிப்பு இல்லை. எலாடியோ அப்படியே தரையில் உட்கார்ந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கிரெசென்சியா பானையைத் திறந்து அவர் முன்னால் வைத்து, பாலாடைக் கட்டியில் ஒரு பெரிய துண்டை வெட்டிப் போட்டாள்.

“கையெட்டுற தூரம்னு சொன்னீங்களே சம்பந்தி” என்றாள்.

எலாடியோ கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

“உங்க கை கொஞ்சம் நீளம்தான்” என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு வெட்டிப் போட்டாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அம்மாள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை.

நிக்கானோரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து சோற்றில் கை வைத்தான். “நாளைக்குக் கொலோன்ல போய் என்னண்ணே சொல்லுவீங்க?”

“என்ன சொல்லுவேன்? கையைத் தூக்கினேன், கப்பல் இறங்கிச்சுன்னு சொல்லுவேன். படம் எடுத்த சாட்சி இருக்கு.” எலாடியோ வாய் நிறையத் துவரைச் சோற்றோடு வெள்ளைக்காரரைக் காட்டினார்.

“அது சரி” என்றாள் கிரெசென்சியா. “எம்மவன் திரும்பி வடக்கே வரும்போது எங்க போய் நிக்கணும்? இங்கயா, உங்க ஊர்லயா? அப்ப ஏறுமா இறங்குமா?”

எலாடியோ மென்றுகொண்டே ஒரு விரலை மேலே தூக்கினார். யோசித்தார். கீழே இறக்கினார். நிக்கானோரைப் பார்த்தார், நிக்கானோர் பாலாடையை மென்றான். விரலை மறுபடி பாதி தூரம் தூக்கினார். அப்புறம் அந்த விரலாலேயே பானையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்ட ஆரம்பித்தார்.